பதின்மூன்றாம் இன்னிங்ஸ்



திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவுக்கு எசாயா 49ஆம் அதிகாரத்திலிருந்து முதல் வாசகம் கேட்டோம். தன் உழைப்பெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று ஆண்டவரின் ஊழியர் அதில் ஏங்குகிறார். ஒரு குழந்தை பிறந்த மகிழ்ச்சியைக் கொண்டாடும் நாளில் இந்த ஏக்கம் எதற்கு? இதை நினைக்கும்போதெல்லாம் ஹார்வி ஹாடிக்ஸ் என்ற பேஸ்பால் வீரர் என் மனத்துக்கு வருகிறார்.

1959 மே 26. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் பந்து எறிந்தவர் அவர். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடியும். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேர். அந்த 27 பேரில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் எறிவது அபூர்வத்திலும் அபூர்வம். ஹாடிக்ஸ் அன்று தொடர்ச்சியாக 36 பேரை அவுட் ஆக்கினார். பன்னிரண்டு இன்னிங்ஸ், ஒரு பிழை இல்லை. எதிரில் இருந்தது சாதாரண அணியும் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக் பட்டம் வென்ற அணி.

ஆனால் அவருடைய அணி 12 முறை பந்தை நன்றாக அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பதின்மூன்றாம் இன்னிங்ஸில் அவருடைய அணிக்காக மூன்றாம் தளத்தில் நின்ற டான் ஹோக் பந்தைத் தவறாக எறிந்தார். மட்டையாளர் ஒருவர் முதல் தளம் சேர்ந்தார். சற்று நேரத்தில் ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். 1–0. ஹாடிக்ஸ் தோற்றார். 1991இல் பேஸ்பால் நிர்வாகம் விதியை இறுக்கி வரையறுத்தபோது, எதிரணியை ஒருமுறைகூடப் பந்தை அடித்துத் தளம் சேரவிடாத ஆட்டங்களின் பட்டியலிலிருந்தும் இந்த ஆட்டம் நீக்கப்பட்டது.

ஹோக்கின்மேல் பழி போடுவது எளிது. பன்னிரண்டு இன்னிங்ஸாக ரன் எடுக்காத அணி முழுவதையும் விட்டுவிட்டு, கடைசியில் தவறியவரை மட்டும் பிடித்துக்கொள்வோம். நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது, சகோதரர்களே. எத்தனையோ ஆண்டுகளாகப் பலரும் சேர்ந்து செய்த தவறை, கடைசியாக வாய் தவறிய ஒருவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

அடுத்த ஆண்டு பைரேட்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. அதன் இறுதி ஆட்டத்தில் வெற்றி ஹாடிக்ஸின் பெயரில்தான் பதிவாயிற்று. இதைச் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனமில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் அடுத்த பிள்ளையைக் காட்டி யாராவது பேசுவார்களா? இழப்பு இழப்புதான். ஆனாலும் அந்த 36 பேரும் அவுட் ஆனது உண்மை. எந்தக் குழு கூடியும் அதை நடக்காததாக ஆக்க முடியாது.

யோவானைப் பாருங்கள். சிறையிலிருந்து சீடர்களை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா என்று இயேசுவிடம் கேட்கிறார். அவ்வளவு சோர்வு. மத்தேயு 11ஆம் அதிகாரத்தைக் கவனித்துப் படியுங்கள்: அந்தச் சீடர்கள் திரும்பிப் போகும்போதுதான் இயேசு மக்களிடம் யோவானைப் புகழத் தொடங்குகிறார். பெண்களிடம் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை என்ற அந்தச் சான்று அவர் காதில் விழுந்ததாக நற்செய்தியில் எங்கும் இல்லை. அதைக் கேளாமலேயே தலையைக் கொடுத்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஆண்டவர் அதைச் சொல்லிவிட்டார். எசாயாவின் ஊழியரும் தம் ஏக்கத்தோடு நின்றுவிடாமல், தமக்குரியது கடவுளிடம் இருக்கிறது என்று பற்றிக்கொள்கிறார்.

படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டும் ஒரு நல்ல சொல் கேளாத மருமகள்கள் இங்கே இருக்கிறீர்கள். பங்குப் பதிவேட்டில் பெயர்கூட இல்லாமல் ஊர் ஊராய் நடந்து செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் பிள்ளைகள் இருக்கிறீர்கள். விசுவாச அறிக்கைக்குப் பிறகு வரும் மன்றாட்டில் சற்று நேரம் அமைதி விடுகிறேன். அப்படி ஒருவருடைய பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னும் உயிரோடு இருந்தால், இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லுங்கள்.