ஏற்றியவரே பொறுப்பு

கெலுகோர் மக்களே, வருகிற சனிக்கிழமை படகேறப் போகிறவர்களும் படகில் ஆள் ஏற்றப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

2025 ஜூன் 28 அன்று இரவு, திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுக் கடலில் சுற்றுலாப் பயணிகளோடு போன படகு கவிழ்ந்தது. ஓர் ஆணும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். மூவரும் நம்மவர்கள். மாலை ஏழு மணிக்குமேல் ஓட அனுமதியில்லாத படகு இரவு பத்து மணிக்குமேல் ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறது என்றும், பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்றும் அப்போது செய்தி வந்தது. அதைக் கேட்டுவிட்டு நாம் என்ன பேசினோம்? “விதி.” “கடல் கொண்டுபோயிடுச்சு.” “அவங்களுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். கடலில் அலை அடிக்கும் என்பது படகோட்டிக்குத் தெரியும். இருட்டில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்த ஆபத்துக்குள் அடுத்தவர் உயிரை இட்டுச் சென்றுவிட்டுப் பழியை விதியின் தலையில் போடுவது அறமும் ஆகாது, சட்டத்தின் முன்னும் நிற்காது. ஒருவரைப் படகில் ஏற்றிய நொடியிலிருந்து பத்திரமாகக் கரையில் இறக்கிவிடும்வரை அவர் உயிருக்கு ஏற்றியவரே பொறுப்பு. கூலி வாங்கியிருந்தாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

நமக்கும் கடலுக்கும் தூரம் அதிகமில்லை. பத்து ஊபான் கரையில் நின்றால் ஒரு பக்கம் பினாங்குப் பாலம், இன்னொரு பக்கம் ஜெரெஜாக் தீவு. தூண்டில் போட வாடகைப் படகு கிடைக்கிறது. பத்து பெரிங்கியில் பனானா படகும் ஜெட் ஸ்கீயும் பிள்ளைகளை இழுக்கின்றன. தெலுக் பஹாங் ஜெட்டிக்குப் போனால் கெராசுட் கடற்கரைக்குப் படகு காத்திருக்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே போகாத குடும்பம் குறைவு. ஆகவே பெர்ஹெந்தியான் நமக்கு வேற்றூர்ச் சங்கதி இல்லை.

முதலில் படகு வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் சொல்கிறேன். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மனத்தில் வையுங்கள். 280: உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாகவோ கவனமின்றியோ படகு ஓட்டுவது குற்றம். 282: பழுதான படகில், அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகில், கூலிக்கு ஆள் கொண்டுபோவது குற்றம். 304ஏ: கவனக்குறைவால் ஒருவர் உயிர் போகக் காரணமாக இருந்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். இதில் 282-ஐ முதலாளிமார் இன்னொரு முறை படிக்க வேண்டும். கொண்டுபோகிறவரை மட்டும் அது பிடிப்பதில்லை, கொண்டுபோக வைப்பவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. கரையில் குடை நிழலில் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டு, “இன்னும் நாலு பேரை ஏத்து, ஒண்ணும் ஆகாது” என்று கைகாட்டும் முதலாளிக்கும் அந்தப் படகில் பங்கு உண்டு.

“நாலு பேர் கூடினால் என்ன?” என்பவருக்குப் பழவேற்காடு பதில் சொல்லும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சென்னைக்கு வடக்கே உள்ள அந்த ஏரியில் உல்லாசமாகப் போன மீன்பிடிப் படகு, தாங்காத பாரத்தோடு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அதே கதை. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் கடைசி ஓட்டம் போனார்கள். 22 பேர் இறந்தார்கள். பாதிப் பேர் ஒரே குடும்பம், பெரும்பாலோர் பிள்ளைகள். கேரளப் போலீஸ் படகு முதலாளிமேல் கொலைக் குற்றப் பிரிவிலேயே வழக்குப் போட்டது. படகுக்கு அனுமதி கிடைத்த விவகாரத்தில் அதிகாரிகளும் கைதானார்கள். ஒரு கடைசி ஓட்டத்தின் வரும்படி எவ்வளவு இருந்திருக்கும்? அதற்காகத்தான் அத்தனையும்.

அங்கியைப் பற்றியும் கேளுங்கள். படகில் அங்கி இருக்கிறது என்பது பதிலாகாது. இருக்கைக்கு அடியில் கட்டிப் போட்ட அங்கி, தண்ணீருக்குள் விழுந்த பிள்ளையின் கைக்கு எட்டாது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். கொக்கி உடைந்து கயிற்று முடிச்சில் நிற்கிறதா? துணி நைந்து உள்ளே இருக்கும் மிதவை பொடியாகக் கொட்டுகிறதா? அப்படியானால் அது குப்பைக்குப் போக வேண்டியது. பெரியவர் அங்கியை ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். பிள்ளை அடியில் நழுவிவிடும், அங்கி மட்டும் மிதக்கும். பிள்ளை அளவுக்கு அங்கி இல்லாத படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். அந்தக் குடும்பத்தின் கூலி போனால் போகட்டும்.

வானத்தையும் பாருங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியும் முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வரிசை கட்டி வரும் என்பது இந்த நீரிணையில் தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி. மேற்கே கறுத்த பிறகு எஞ்சினை முடுக்காதீர்கள். வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விட்ட நாளில் ஓட்டிவிட்டு, “திடீர்னு காத்து வந்துடுச்சு” என்று நீதிமன்றத்தில் சொன்னால், திடீரென்று வந்தது என்ன என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

அடுத்து, சொந்தப் படகு வைத்திருக்கும் நண்பர்கள். “நான் என்ன காசா வாங்கினேன், கூட்டாளிகளைத்தானே தூண்டில் போட அழைத்துப் போனேன்” என்பது உங்கள் வாதம். 282 கூலிப் பயணத்துக்குத்தான், உண்மை. ஆனால் 304ஏ கூலியைக் கேட்பதில்லை, கவனக்குறைவையும் உயிரிழப்பையும்தான் கேட்கிறது. சிவில் வழக்கும் அப்படியே. இலவசமாக ஏற்றினேன் என்பதால் கவனமாக இருக்கும் கடமை போய்விடாது. காரில் நண்பனை ஏற்றிக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டி அவன் இறந்தால் “ஓசிப் பயணம்தானே” என்று யாராவது தப்ப முடியுமா? படகில் மட்டும் ஐஸ் பெட்டி நிறைய பீரை அடுக்கிக்கொண்டு போகிறோம். சுக்கான் பிடிப்பவர் கரை திரும்பும்வரை ஒரு மிடறும் குடிக்கக் கூடாது. குடித்தவர் கையில் சுக்கானைக் கொடுக்கவும் கூடாது. நட்பு என்பது இதுதான்.

மூன்றாவதாக, கூட்டிப் போகும் பொறுப்பாளர்கள்: ஆசிரியர்கள், கோயில் இளைஞர் மன்றத்தார், நிறுவனத்தின் குடும்ப தினத்தை நடத்துபவர்கள், பல்கலைக்கழக மாணவர் தலைவர்கள். 2010 ஜனவரி 17 அன்று இதே பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், மெக்காலம் சாலைக் கரைக்கு அப்பால், சுங் லிங் உயர்நிலைப்பள்ளியின் டிராகன் படகு பயிற்சியின்போது இழுவைப் படகில் மோதிக் கவிழ்ந்தது. ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் இறந்தார்கள். கெலுகோரிலிருந்து சில கிலோமீட்டர்தான். அந்தத் தண்ணீரில் கப்பலும் இழுவைப் படகும் சரக்குத் தோணியும் நடமாடுகின்றன, நீரோட்டமும் வலுவாக ஓடும்.

பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போகும் எவரும் அந்த நாளை மறக்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட அனுமதிப் படிவம் உங்களுக்குக் கேடயம் ஆகாது. அது பிள்ளையை உங்களை நம்பி ஒப்படைத்ததற்கான சாட்சி. இன்றைய நீரேற்றம் எத்தனை மணிக்கு, ஓட்டம் எந்தப் பக்கம், கூடவே வரும் பாதுகாப்புப் படகு எங்கே, நீந்தத் தெரியாதவர் யார் யார், ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்று ஒருவர் எழுதி வைக்க வேண்டும். எழுத ஆளில்லையென்றால் நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள். பிள்ளைகள் ஒரு மாலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

படகேறுகிறவர்களும் தப்ப முடியாது. “பதினாலு பேரும் ஒண்ணாப் போகணும், குடும்பத்தைப் பிரிக்காதீங்க” என்று படகோட்டியை நெருக்குவது யார்? நாம்தான். செல்பி எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதும் நாம்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் சாய்ந்தபோது கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் ஆள் கூடக் கூடப் படகின் கனம் மேலே ஏறும். அப்போது சின்னச் சாய்வையும் அதனால் நிமிர்த்திக்கொள்ள முடியாது. படகைக் கட்டியவரிலிருந்து டிக்கெட் கொடுத்தவர்வரை பலரிடமும் அந்த விபத்துக்குக் கணக்குக் கேட்கலாம். ஆனாலும் உட்காருங்கள் என்றால் உட்காருவது நம் கையில் இருந்தது.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. அங்கியைக் கொடுத்தும் “வேக்குது, வேண்டாம்” என்று கழற்றிப் போட்ட பெரியவர் இறந்தால், அவருடைய பங்குக் கவனக்குறைவுக்கு ஏற்ப இழப்பீட்டை நீதிமன்றம் குறைக்கலாம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. குறைக்கலாமே தவிர, அதைக் காட்டிப் படகோட்டி முழுவதும் கைகழுவ முடியாது. “சொந்தப் பொறுப்பில் ஏறவும்” என்று ஜெட்டியில் தொங்கும் பலகைக்கும் அவ்வளவு பலம் கிடையாது. கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒதுக்கித் தள்ளும் வாசகத்தை நியாயமற்றதென்று கருத 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பலகையைப் பார்த்து வாயடைத்துப் போகாதீர்கள்.

இழப்பு நேர்ந்துவிட்ட வீட்டாருக்கும் ஒரு சொல். துக்க வீட்டுக்குக் கவரோடு யாராவது வந்து, “இதோட முடிச்சுக்கலாம்ணே, வழக்கு வேண்டாம்” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் போலீஸ் புகார். உடன் பயணித்தவர்களின் பெயர், எண், கைப்பேசியில் எடுத்த படம், கட்டணச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் ஆகியோருக்காக சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம். இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் போட வேண்டும். “கொஞ்ச நாள் ஆறட்டும்” என்று தள்ளிப்போட்டே உரிமையை இழந்துவிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் அரசின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகுங்கள். பயனீட்டாளர் என்ற முறையில் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ள, மஸ்ஜித் நெகிரி சாலையிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள்.

உறவினர் துயரத்துக்கென்று அதே பிரிவு தரும் தொகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆக உயர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இறந்தால் சம்பாத்தியக் கணக்கு எதுவும் நிற்காது, பெரும்பாலும் இந்தத் தொகைதான் பெற்றோர் கையில் வரும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சட்டம் பின்னால் வந்து கணக்குத் தீர்க்கும். பிள்ளையைத் திருப்பித் தராது. அதனால் கணக்கைக் கரையிலேயே கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை ஜெட்டியில் நின்று கேட்க வேண்டியவை இவைதான். படகுக்கு உரிமம் இருக்கிறதா, ஓட்டுபவருக்கும் இருக்கிறதா? உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது? பிள்ளைக்கு ஏற்ற அங்கி உண்டா, புறப்படும் முன் எல்லாரும் மாட்டியாகிவிட்டதா? எத்தனை மணிக்குத் திரும்புவோம், விபத்தென்றால் காப்புறுதி இருக்கிறதா? இப்படிக் கேட்டால் படகோட்டி கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். நேர்மையான படகோட்டி இந்தக் கேள்விகளை விரும்புவார். மழுப்பினால் காசைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் போகட்டும், பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள். பிறகு கடல்துறை இலாகாவுக்குப் படகின் எண்ணோடு புகார் எழுதுங்கள். நீங்கள் ஏறாமல் தப்பித்தால் மட்டும் போதாது. அடுத்த குடும்பம் வரிசையில் நிற்கிறது.

படகோட்டி அண்ணன்மார்களே, “இன்னைக்கு ஓடாது” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். “எட்டுப் பேர்தான், மிச்சப் பேர் அடுத்த ஓட்டம்” என்று அடித்துச் சொல்லுங்கள். முதலாளி முறைத்தாலும், பயணி திட்டினாலும், பக்கத்துப் படகுக்காரன் உங்கள் கூலியைத் தட்டிக்கொண்டு போனாலும் அந்தச் சொல்லை மாற்றாதீர்கள். உங்களை நம்பி ஏறியவர் எத்தனை பேரோ அத்தனை பேரும் உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தாங்க மனமில்லாதவர் படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.