பொறுமையும் பாவையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சமவெளிக்கு இறங்கி, நூற்பாலையிலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ கூலிக்கு அமரும் ஒரு பெண், மேற்பார்வையாளர் தன்னை நாள்தோறும் நாலுபேர் முன்னிலையில் இழித்துரைப்பதையும், கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்டால் ஏளனம் செய்வதையும் வீட்டாரிடம் வந்து முறையிடும்போது, பெரியவர்கள் அவளுக்குக் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "பொறுத்துப் போ கண்ணு, எல்லாம் தலையெழுத்து." பொறுமை புண்ணியம் என்பதும், வந்த துன்பம் பழவினையின் பயன் என்பதும் இந்த ஆறுதலில் சேர்ந்தே ஒலிக்கின்றன. இரண்டும் நம் சமயம் போற்றுவனவே. ஆயினும் அவற்றை இவ்விடத்தில் இவ்வாறு பிரயோகிப்பது தர்மமாகுமா?

கண்டிப்பு எது, கொடுமை எது என்று முதலில் தெளிதல் அவசியம். வேலையில் பிழை கண்டு சினக்கும் அதிகாரியின் சினம், பிழை திருந்தியவுடன் தணிந்துவிடும். கொடுமை செய்பவருடைய சினமோ, பிழை திருந்திய பின்னும் ஆளை விடாது தொடரும். அவர் பேசுவது கோணிப்போன தையலைப் பற்றியல்ல. அவளுடைய ஜாதியை, நிறத்தை, வறுமையை, மலைவாசிகளின் பேச்சைப் பற்றி. நாளடைவில் அவளே, குற்றம் தன்னிடந்தான் இருக்கிறதோ என்று மருளத் தொடங்குவாளானால், கொடுமை நெடுநாளாய் நடந்துவந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, ஒரே முறை நிகழ்ந்தாலும் பல முறை நிகழ்ந்தாலும், உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் பிழைப்புக்கும் ஊறு விளைவிக்கும் நடத்தையையும் வன்முறை, துன்புறுத்தல் என்றே வகுத்திருக்கிறது. வள்ளுவரோ அருளுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், மெலியவர்மேல் பாயப் புகுமுன், தன்னினும் வலியவர் எதிரே தான் நிற்கும் நிலையை எண்ணிப் பார்க்கும்படி சொல்கிறார். அவ்வுபதேசம் வலியவனுக்கு உரியது. அடக்கத்தை வலியவனுக்குச் சொல்லாமல் மெலியவளுக்கே சொல்லி வருகிற நம் வழக்கத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை.

இனி வினைக்கொள்கை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுத்துக் கூறுகிறது. அவள் படும் துன்பம் பிராரத்தம் என்றே வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அவளை வைது மகிழ்பவர் அந்தக் கணத்திலேயே தமக்குப் புதிய ஆகாமியத்தைத் தேடிக்கொள்கிறார் என்பதும் அதே சாஸ்திரத்தின் முடிபுதானே? நோயும் வினையினால் வருவதென்று நம்புகிற நாம், மருந்துண்ணலாகாதென்று எவரையும் தடுப்பதில்லை. ஆகையால் கொடுமையைத் தடுத்து நிறுத்துகிறவள் தன் விதியோடு மல்லாடுகிறாள் என்று நான் கருதவில்லை. தன்னைத் துன்புறுத்துகிறவர் மேன்மேலும் பாவத்தில் அமிழாதபடி அவருக்குங்கூட அவள் ஓர் உபகாரமே செய்கிறாள். மேலும், பிறர் ஒருவரின் முன்வினையைக் கணக்கிட்டுச் சொல்லும் உரிமை இறைவனுக்கே உரியது. அதை அண்டை அயலாரும் ஆலை முதலாளியும் தம் கையில் எடுத்துக்கொள்வது பக்தியாகாது.

கொல்லிமலையின் சிவத்தலமாகிய அறப்பள்ளியைத் தம் க்ஷேத்திரக்கோவையில் வைத்துப் பாடிய திருநாவுக்கரசர், சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் சாந்தமாய் வீற்றிருந்த வரலாற்றைச் சொல்லிப் பொறுமையைப் போதிப்பவர்கள் பலர். பல்லவ மன்னனின் அழைப்புக்கு இணங்க மறுத்துவிட்ட பிறகே அவர் அந்த நீற்றறைக்குள் புகுந்தார் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கொல்லிப்பாவையின் ஐதிகம் இதனினும் துணிவுடையது. தேவரும் முனிவரும் இம்மலையை உறைவிடமாகக் கொண்டபோது, அவுணரும் அரக்கரும் வந்து இடையூறு செய்யாதவாறு, சிரித்து மயக்கி அவர்களை மாய்க்கும் பாவையொன்றை ஆக்கி நிறுத்தினார்கள் என்பர். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் உருக்குலையாதது என்று நற்றிணை அதனை வருணிக்கிறது. இக்கதையில் என் சிந்தையைக் கவர்வது மாய்த்தலன்று. தவமே தொழிலாகக் கொண்டவர்கள், பொறுமையின் எல்லையைக் கண்டவர்கள், அசுரரின் தொல்லையையும் தவத்தின் ஒரு பகுதியாகப் பாவித்து வாளாவிருந்துவிடவில்லை. காவல் வேண்டுமென்று எண்ணினார்கள். அக்காவலையும், துன்பம் நேர்ந்தபின் கூக்குரலிட்டுப் பெறும் உதவியாக அமைக்காமல், தாம் கண்மூடியிருக்கும் வேளையிலும் விழித்து நிற்பதாய், ஒரு முனிவருக்கென்றில்லாமல் மலை முழுமைக்கும் பொதுவாய் நிலைநிறுத்தினார்கள்.

அத்தகைய காவல் ஒன்றை நம் காலத்தில் திண்டுக்கல் மாவட்டத்து ஆலைப் பெண்கள் போராடிப் பெற்றார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உழைத்துவந்த தலித் இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதற்கு முன்பே அவள் துன்புறுத்தப்பட்டு வந்தாள் என்று வீட்டாரும் உடனுழைத்தோரும் வெளிப்படையாய்ச் சொன்னார்கள். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது நின்றதன் பயனாக, 2022 ஏப்ரலில் அத்தொழிற்சாலையை உடைய ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் தன்னைப் பிணைத்துக்கொண்டது. தொழிலாளரிடையிலிருந்தே கண்காணிப்பாளர்கள் ஆலைத்தளத்தில் அமர்த்தப்பட்டார்கள். முறையிட்டவரைப் பழிவாங்கலாகாது என்பது நிபந்தனையாயிற்று. தனியொருத்தி வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற அச்சமே கொடுமையின் பலமாதலால், இந்நிபந்தனையையே ஒப்பந்தத்தின் உயிர்நிலையாக நான் மதிக்கிறேன்.

சங்கம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? சொல்லப்பட்ட சொல், நாள், நேரம், அருகிலிருந்தவர் பெயர் இவற்றை அன்றன்றே எழுதி வைப்பதும், நம்பிக்கைக்குரிய தோழி ஒருத்தியிடமேனும் சொல்லி வைப்பதும் முதற்கடமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் பாலியல் தொல்லையை மட்டுமே கருதியது. பட்டியல் ஜாதியாரையும் பழங்குடியினரையும் ஜாதி சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. இவ்விரண்டிலும் அடங்காத அன்றாட அவமதிப்புக்கு இந்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. 190-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனை ஏற்கும்படி அரசை வற்புறுத்துவது தொழிற்சங்கங்களின் வேலை என்று ஒதுங்கிவிடாமல், அறம் பேசும் மடங்களும் கோயில் மேடைகளும் அவ்வேண்டுகோளைத் தம்முடையதாக ஏற்க வேண்டும்.