கேட்பவர் இல்லாத நாதம்

நாதத்தை இறைவனுக்கென்று படைப்பவருக்கு மனிதச் செவி தேவையா? சுர்பகார் மேதை அன்னபூர்ணா தேவியைப் (1927–2018) பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. மத்தியப் பிரதேசத்து மைஹரில் இந்துஸ்தானி இசை ஆசான் உஸ்தாத் அலாவுதீன் கானின் மகளாகப் பிறந்தவர். சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் தங்கை. 1941-இல் சிதார் கலைஞர் ரவிசங்கரை மணந்தவர். கணவரோடு சில மேடைகளில் வாசித்தபின் பொதுக் கச்சேரியையே விட்டுவிட்டு, மும்பையில் ஒரு குடியிருப்பில் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். 1977-இல் பத்மபூஷண் கிடைத்த பிறகும் மேடை ஏறவில்லை. இதைத் துறவு என்கிறார்கள், தூய வழிபாடு என்கிறார்கள். வழிபாடு என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் கதவு மூடியிருந்ததால்தான் அது வழிபாடாயிற்று என்பதை ஏற்க முடியவில்லை.

அலாவுதீன் கான் தொழுகை தவறாத முஸ்லிம். மைஹர் குன்றின்மேல் உறையும் சாரதா தேவியின் பக்தரும்கூட. இரண்டையும் இணைத்தது சாதகம். அந்த வீட்டில் வளர்ந்த மகளின் கைக்கு வந்த சுர்பகார், சிதாரைவிடப் பெரியது, கீழ் ஸ்தாயியில் ஆழ்ந்து ஒலிப்பது. ஒருமுறை மீட்டினால் நாதம் நெடுநேரம் நிற்கும். தந்தியை இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைப் பிடிக்கலாம். துருபத் என்னும் இந்துஸ்தானி பாணியின் ஆலாபனைக்கு ஏற்ற கருவி அது. ஆலாபனையின் தொடக்கத்தில் சாகித்யம் இல்லை, தாளமும் இல்லை. நாதம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சுரத்தைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் ராகம் கலைந்துவிடும். ரசிகர் இன்றி ரசம் இல்லை என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே வாசிப்பவரே முதல் ரசிகர். தன்னை ஒதுக்கிவிட்டுக் கேட்கத் தெரியாதவரால் இதை வாசிக்கவே இயலாது. அடுத்த ரசிகர்கள் அவருடைய சீடர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பாடியே கற்பித்தார். குழலோ சிதாரோ, பாடம் குரல்வழியே வந்தது. முன்பே பெயர் பெற்றிருந்த ஹரிபிரசாத் சௌராசியா, அவரிடம் முதலிலிருந்து தொடங்குவதற்காகக் குழல் பிடிக்கும் பக்கத்தையே மாற்றிக்கொண்டார். கற்றதைக் கழற்றி வைக்கும் அந்தப் பணிவும், கற்பித்ததற்குக் காசு வாங்காத குருவின் கொடையும் சேர்ந்த இடத்தில்தான் நான் வழிபாட்டைக் காண்கிறேன்.

இல்லறத்தில் நேர்ந்த கசப்பினால் வந்த விலகலுக்கு ஆன்மிகப் பூச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தன் வாசிப்புக்குக் கிடைத்த பாராட்டு இல்லறத்தைக் கலைத்ததால் மேடையைத் துறந்ததாக அவர் சொன்னார். ரவிசங்கர் வேறு விதமாகச் சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. தூண்டிய காரணம் துயரமாகவே இருக்கட்டும். மகன் பிரிந்து சென்றதில் உலுக்கப்பட்டே பட்டினத்தார் துறந்தார் என்றுதான் கதை சொல்கிறது. அதனால் அவர் துறவு போலியாகிவிடவில்லை. எதனால் தொடங்கிற்று என்பதைவிட, அதற்குப் பிறகு அத்தனை ஆண்டுகளை எப்படி நிரப்பினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உலகுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதற்கு நான் பணிகிறேன். அவர் வாசிப்பில் நமக்குக் கிடைத்தவை ஒருசில ஒலிப்பதிவுகள் மட்டுமே. பக்தி மரபு ஒளித்து வைக்கச் சொன்னதில்லை. தேவாரம் ஊர் ஊராகக் கோயில்களில் பாடப்பட்டது. தியாகராஜர் உஞ்சவிருத்தியில் தெருவோடு பாடிப் போனார். கூட்டத்தின் நடுவே பாடியதால் அவர்கள் பக்தி குறைந்ததா? அலி அக்பர் கான் உலகெங்கும் வாசித்ததும் அதே தந்தையின் இசைதான். ஆகவே ஒதுங்கியிருந்ததையே புனிதமாக்குவது அன்னபூர்ணாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பெண் என்பதையும் மறக்கக் கூடாது. அலாவுதீன் கானின் மூத்த மகள் புகுந்த வீட்டில் இசைக்காகப் பட்ட துன்பத்தைக் கண்டு, இளையவளுக்குக் கற்பிக்கவே தந்தை முதலில் தயங்கினார். அண்ணன் பாடத்தில் செய்த பிழையைச் சிறுமி பாடித் திருத்தியதைக் கேட்டபிறகே மனம் மாறினார் என்பார்கள். பெண்ணின் கலைக்கு வீடே எல்லை என்று நினைத்த காலத்தில் வந்தவர் அவர். மேடையில் வாழ்ந்த ஆண்களின் இசையை நாத உபாசனை என்று கொண்டாடத் தயங்காத நாம், இவர் இசையைப் புகழ மட்டும் இவருடைய மௌனத்தைச் சான்றாகக் கேட்கிறோம்.