மீதி விலையைக் கொடுப்பவர் யார்?

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. நாம் குடியிருக்கும் மனையும் வீடு. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றிற்கு அப்பால் உயிர் எய்தும் விடுதலையும் வீடு. அரபு மொழியிலோ இல்லத்திற்குப் பெயர்கள் பல. 'பைத்' என்பது இரவைக் கழித்தல் என்னும் வினையோடு உறவுடையது. இராத் தங்கும் இடம் பைத். 'மஸ்கன்' என்பது 'ஸுகூன்' என்னும் அமைதியோடு ஒரே வேரில் முளைத்தது. மனம் அடங்கி அமரும் இடம் மஸ்கன். திருமறையின் 'அந்நஹ்ல்' அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளை எண்ணிச் செல்லுமிடத்தில், இல்லங்களை இந்த அமைதியோடு இணைத்தே பேசுகிறது. பைத் ஒன்று வாய்த்துவிட்டால் மஸ்கன் தானே வாய்த்துவிடுமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் முன்னாளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். தென்கடலோரத்து ஊரினர். சென்னைப் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். திருவல்லிக்கேணியில் வாடகைக் குடித்தனம். உடன் மனைவி, மக்கள் இருவர், முதிய தாயார். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு, ஊரிலிருந்த தம் பங்கை விற்ற தொகையும் அவர் கைக்கு வந்தது. "ஹஜ்ரத், மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

ஒன்று, பல்லாவரத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு சிற்றறைகள். மற்றொன்று, செங்கல்பட்டுப் பாதையில் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, சுற்றிலும் வெற்றிடம் விட்டுக் கட்டிய தனிவீடு. மூன்றாவது, தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் தாழ்வான ஒரு மனை. மூன்றிலும் மலிவானது அதுவே.

காரணமின்றி எந்த மனையும் மலிவாவதில்லை. பத்திரத்தில் எழுதிய விலை ஒன்று. எழுதாத மீதி விலை ஒன்று. அந்த மீதியையும் யாரேனும் ஒருவர் செலுத்தியே தீர வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்து பள்ளிவாசல் கட்ட நாடிய நிலம், அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியதாயிருந்தது. அதனை விலையின்றியே தர அவர்கள் முன்வந்தும், நாயகம் (ஸல்) அவர்கள் இணங்காமல் விலைகொடுத்தே பெற்றார்கள். கட்டப்பட இருந்ததோ இறையில்லம். ஆயினும் அதன் விலையில் ஒரு பகுதி அநாதைகளின் பங்கிலிருந்து வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மலிவைக் கண்டு மகிழும் நமக்கு இதில் பெரும் பாடம் இருக்கிறதன்றோ!

மூன்றாவது மனையை முதலில் எடுத்துக்கொண்டோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை யாவரும் அறிவர். ஆறும் ஏரியும் தமக்கென வைத்திருந்த இடத்தை நாம் குறைந்த விலைக்கு வாங்கினால், மழைக்காலத்தில் அவை தம் பங்கைக் கேட்டு வரும். பட்டாவைப் பார்க்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அரசின் ஒப்புதல் உண்டா என்று பார்க்க வேண்டும். புறம்போக்கா, வக்ஃபு நிலமா என்றும் ஆராய வேண்டும். வக்ஃபு செய்த நிலத்தை அறியாமல் வாங்கிவிட்டு, 'எனக்குத் தெரியாதே' என்று சொல்வதால் அது நமதாகிவிடாது. இத்தனையும் பார்த்த பின்னும், வில்லங்கச் சான்று பதிவேட்டில் ஏறிய வில்லங்கத்தைத்தான் காட்டும். நீர் செய்யும் வில்லங்கத்தைக் காட்டாது. அதை அத்தெருவில் நெடுநாள் வாழ்ந்த முதியவரே சொல்வார். மாணவர் போய்க் கேட்டு வந்தார். அம்மனை பேச்சிலிருந்து நீங்கியது.

இனி தொலைவு. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் ஓடத் தொடங்கிய நாள் முதல், சென்னையின் குடும்பங்கள் இருப்புப்பாதையைப் பின்பற்றியே தெற்கே நகர்ந்து வந்துள்ளன. இன்று அப்பாதை செங்கல்பட்டு வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீள்கிறது. மாணவர் சொன்ன தனிவீட்டிலிருந்து கடை வரை, நிலையத்திற்குச் செல்வதும் காத்திருப்பதும் சேர்த்து, போக இரண்டு மணி, வர இரண்டு மணி. நாளொன்றுக்கு 4 மணி. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 1,200 மணி. அதாவது இரவும் பகலுமாக முழுமையாக 50 நாள்கள். இருபது ஆண்டுகளில் 1,000 நாள்கள். பத்திரத்தில் காணாத விலை இது.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் நானும் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் வீடு கட்டிக் குடிபோனேன். சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டால் இஷாவுக்குப் பின்பே திரும்புவேன். நகரத்து மதரஸாவில் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்து எழுத்தாகச் சுட்டி ஓதிக் கொடுத்தேன். என் மகனுக்கு ஓதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவன் முதன்முறையாகக் குர்ஆனை ஓதி முடித்து, வீட்டில் இனிப்பு வழங்கிய மாலையில் நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டின் மீதி விலையை நான் செலுத்தியதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். செலுத்தியவன் அவன் என்பது அன்று விளங்கிற்று.

ஆயினும் தொலைவே தீது என்று முடிவு கட்டிவிடலாகாது. மதீனாவில் பனூ ஸலிமா குலத்தார் நபியின் பள்ளிவாசலுக்குத் தொலைவில் வாழ்ந்தனர். அருகே குடிபெயர அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், தொழுகைக்கு நடந்துவரும் அவர்களின் அடிச்சுவடுகள் நன்மைகளாய்ப் பதிவாகின்றன என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நகரின் புறம் வெறிச்சோடிவிடக் கூடாது என்னும் எண்ணமும் அதில் இருந்ததாக நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. நாங்கள் குடியேறியபோது எங்கள் பகுதியில் பள்ளிவாசல் இல்லை. சில குடும்பத்தார் ஒரு வீட்டு முன்னறையில் கூடித் தொழுதோம். இன்று அங்கே ஓடு வேய்ந்த சிறு பள்ளிவாசலும் பிள்ளைகள் ஓதும் திண்ணையும் இருக்கின்றன. அதற்காக நடந்த நடை வீணன்று.

அப்படியாயின் எதைக்கொண்டு முடிவு செய்வது? இப்னு ஹிப்பான் தொகுத்த நபிமொழியொன்று, நல்ல மனைவி, விசாலமான இல்லம், நல்ல அண்டை வீட்டார், இதமான ஊர்தி ஆகிய நான்கையும் மனிதனின் நற்பேறுகளாக எண்ணுகிறது. இல்லமும் அண்டையும் ஊர்தியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. நாமோ இல்லத்தின் சதுர அடியை மட்டும் அளந்துவிட்டு, ஏனையவற்றை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறோம்.

மாணவரிடம் கேட்டேன்: "தம்பி, உன் உம்மா என்ன சொன்னார்கள்?"

அவர் சற்றுத் திகைத்தார். "அவர்களிடம் என்ன கேட்பது ஹஜ்ரத்? நான் எங்கே போனாலும் கூட வருவார்கள்."

"அதனால்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

வணிகம் இருதரப்பின் மனப்பொருத்தத்தோடு நடைபெற வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. விற்பவரும் வாங்குபவரும் இசைந்தால் சட்டப்படி விற்பனை நிறைவேறிவிடும். ஆனால் மீதி விலையைக் கொடுப்போர் பத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை. பகல் முழுதும் பேச்சுத் துணையின்றி அமர்ந்திருக்கப்போகும் தாய், பள்ளிக்கூடம் மாறப்போகும் மகள், கணவன் வரும் வரை விழித்திருக்கப்போகும் மனைவி ஆகியோரின் இசைவைப் பெறாத கொள்முதல், சட்டத்தில் செல்லுபடியாகலாம். மனச்சான்றின் முன் அது அரைகுறையே.

மற்றொன்றும் சொன்னேன். கையிருப்பு போதவில்லையென்றால் வட்டிக் கடனில் விழ வேண்டாம். நம் நாட்டு வங்கிகளில் வட்டியில்லா முறைக்கு வழி திறக்கவில்லை. அம்முயற்சியைத் தொடர்வதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. ஆகவே பொறுத்திருப்பதும் ஒரு வழியே. வாடகை வீடு இழிவன்று. மதீனா வந்த நாயகம் (ஸல்) அவர்களே தமக்கென இல்லம் அமையும் வரை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் பல மாதங்கள் தங்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து மாணவர் வந்தார். குடும்பத்தோடு இரு இடங்களுக்கும் சென்று, மஃரிப் வரை இருந்து பார்த்தார்களாம். தாயார் கேட்டவை இரண்டே: பாங்கொலி காதில் விழ வேண்டும், வாசலில் இறங்கினால் பேச ஓர் ஆள் வேண்டும். கடனின்றிப் பல்லாவரத்துச் சிற்றறைகளையே வாங்கினார்கள். மகனுக்குத்தான் வருத்தம், தனிவீட்டு முற்றத்தில் விளையாடலாம் என்று கனவு கண்டிருந்தான். அவனும் விலையில் ஒரு பங்கு கொடுத்தான். ஆனால் அவனைக் கேட்டார்கள், வாப்பா மாலையில் வீட்டிலிருப்பார் என்று சொன்னார்கள், அவனும் சம்மதித்தான்.

எல்லா மீதியையும் தவிர்க்க மனிதனால் இயலாது. அதனை யார்மீது சுமத்துகிறோம் என்பதை அறிந்து, அவர்களைக் கேட்டு, அவர்கள் சுமப்பதில் நாமும் தோள் கொடுப்பது இயலும். நம் இல்லங்கள் இராத் தங்கும் இடங்களாக மட்டுமின்றி, அமைதி தங்கும் இடங்களாகவும் விளங்க வல்ல நாயன் அருள்புரிவானாக!