கைகட்டி நிற்காதீர்கள், கடிதம் எழுதுங்கள்

ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி. போன்றவை உள்ள பிள்ளையை வளர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து நம்பரிலிருந்து போன் வந்தாலே அடிவயிறு கலங்குகிற பெற்றோருக்காக, முக்கியமாக அம்மாக்களுக்காக, இதை எழுதுகிறேன். "இன்னைக்கும் கிளாஸ்ல உட்காரல." "பக்கத்துப் பிள்ளையைக் கடிச்சிட்டான்." "வேற ஸ்கூல் பாத்துக்கிட்டா அவனுக்கே நல்லது மேடம்." கேட்டுக் கேட்டு, ஹெச்.எம். அறைக்குள் நுழையும்போதே மன்னிப்புக் கேட்கப் பழகிவிட்டீர்கள். நாற்காலி நுனியில் உட்காருகிறீர்கள். "இந்த ஒரு வருஷம் மட்டும் வெச்சுக்குங்க" என்று கெஞ்சுகிறீர்கள்.

போதும் அம்மா. நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். யாருடைய தயவிலும் உங்கள் பிள்ளை அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை.

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியைக் கழற்றி எறியுங்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட", "வேலைக்குப் போறவ, எங்க கவனிச்ச?" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் மெத்தப் படித்த நிபுணர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் பாசக் குறைவு என்று அமெரிக்காவில் அடித்துப் பேசினார்கள். அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் பெர்னார்டு ரிம்லாண்ட். உளவியல் படித்தவர், அதைவிட, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பின் கோளாறு இல்லை என்று 1964-ல் புத்தகமே எழுதினார். நம் ஊரிலும் இந்தப் பாதையை வெட்டியவர்களில் பெற்றோர் பலர். சென்னையில் 1985-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன், அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தாய். டெல்லியில் 1991-ல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் தாய்தான். மற்றவர்கள் பழி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் வேலையில் இறங்கினார்கள்.

அப்படிப்பட்டவர்கள் விடாமல் தட்டியதால் திறந்த கதவுகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு எல்லாம் அதில் இருக்கின்றன. அதன் 16-ஆம் பிரிவை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். அரசு நிதி வாங்கும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, எதுவானாலும் பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அவனுக்குத் தேவையான வசதியைச் செய்து கொடுக்க வேண்டும். அவன் எப்படி முன்னேறுகிறான் என்று கவனிக்கவும் வேண்டும். உங்கள் தெருமுனை மெட்ரிக் பள்ளியும் இதில் அடக்கம்.

துறுதுறுவென்று ஓடுகிற, ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிள்ளைக்கு அந்த 21-ல் தனி இடம் இல்லை. இது பெரிய ஓட்டை. எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. ஆனாலும் அவன் நாதியற்றவன் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தவும் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளி எந்த வகை என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றபடி "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று வாயால் சொல்பவர்களிடம், "அதை எழுதிக் கொடுங்க சார்" என்று அமைதியாகக் கேளுங்கள். பல பேர் அந்த இடத்திலேயே சுருதி இறங்கிவிடுவார்கள்.

நீங்களும் எழுத்தில்தான் பேச வேண்டும். வாயால் கேட்டது மறுநாளே மறந்துபோகும். ஒரு வெள்ளைத்தாள் போதும், தமிழ் போதும். "என் பிள்ளைக்கு உதவி செய்யுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அவனைப் பத்து நாள் உற்றுப் பாருங்கள், டீச்சரிடமும் கேளுங்கள். எப்போது கத்துகிறான்? மணி அடிக்கும்போதா, சாப்பாட்டு நேரக் கூச்சலிலா, திடீரென்று பீரியடு மாறும்போதா? கடித்தானே, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது? பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும். பேசத் தெரியாத பிள்ளைக்குக் கடிப்பதும் ஒரு பேச்சு. அதைக் கண்டுபிடித்த பிறகு, செய்யக்கூடியதாகக் கேளுங்கள்: ஜன்னலை விட்டுத் தள்ளி, டீச்சருக்குப் பக்கத்தில் இடம்; கலவரமானால் ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வர அனுமதி; அன்றைய பீரியடு வரிசை படமாக அவன் மேஜையில்; எழுத முடியாத பரீட்சையை வாய்மொழியாக வைப்பது; வீட்டுப்பாடத்தை யாராவது டைரியில் எழுதித் தருவது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. டாக்டர் அறிக்கையின் நகலை இணையுங்கள், தேதி போடுங்கள், இன்னொரு பிரதியில் பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கிறார். இதற்கான பயிற்சியை அவருக்கு யாரும் சரியாகக் கொடுக்கவில்லை. அவன் எதற்குச் சிரிப்பான், எதைக் கண்டால் மிரளுவான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உலகத்திலேயே அவனைப் பற்றிய பெரிய நிபுணர் நீங்கள்தான். அந்தத் தைரியத்தோடு அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவர்கள் இருப்பதே இதற்காகத்தான். தகுதியுள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கத் தயங்காதீர்கள். "முத்திரை குத்திடுவாங்க" என்று பயந்து தள்ளிப்போட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் கேட்கும் நேரத்தில் கையில் காகிதம் இருக்காது.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லையா? மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரிக்கும்போது ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அங்கே நீங்கள் வக்கீல் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த மேஜைக்குப் போனாலும் அவர்கள் முதலில் கேட்பது, பள்ளிக்கு என்றைக்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்பதைத்தான். ஜூன் வரட்டும், புது டீச்சர் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த முதல் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.