விடையளிக்காதோர் பட்டியல்

நோய் ஏழையென்றும் செல்வரென்றும் பாராது என்பர். மெய்தான். ஆனால் "இன்று உமக்கு எங்கே நோகிறது?" என்ற கேள்வி யாரிடம் போய்ச் சேருகிறது? அதில் ஏற்றத்தாழ்வு உண்டு. நாம் ஆராயப் புகுவது இதனையே.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு இல்லம் திரும்பியவருக்கு வாந்தியும் மூச்சுத்திணறலும் நள்ளிரவில் வருகின்றன. அடுத்த முறை டாக்டரிடம் சொல்லலாமென்று பொறுத்திருப்பார். சென்றபோது பாதி மறந்துவிடும். மீதியைச் சொல்ல நா எழாது. நியூயார்க் நகரில் 2007 முதல் 2011 வரை 766 நோயாளிகளைச் சேர்த்து ஒரு சோதனை நிகழ்த்தினர். ஒரு சாராரிடம் நோவுக்குறிகளைக் கணிப்பொறி வழியே தவறாது கேட்டு வந்தனர். மறு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. ஈத்தன் பாஷ் என்னும் டாக்டரின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, கேட்கப்பட்டோரின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், மற்றையோருக்கு 26 மாதம். புதுமருந்து ஏதும் தரப்படவில்லை. கேட்டனர், கேட்டறிந்ததற்கேற்பச் செவிலியர் செயற்பட்டனர்.

அச்சோதனையில் வேறொன்றும் புலப்பட்டது. கணிப்பொறிப் பழக்கம் இல்லாதோரே கூடுதல் பயன் பெற்றனர். 'இவர்களுக்கு இது எதற்கு?' என்று ஒதுக்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும். ஆயினும் அவர்களுக்கென மருத்துவமனையிலேயே கருவி வைக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. கைபேசியில் விடை தருக என்று யாவர்க்கும் ஒரே கட்டளையிட்டு, சமத்துவம் நிலைநாட்டினோம் என்றால் ஏற்போமா? வீட்டின் ஒரே கைபேசியை மகன் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் தாய் எவ்வாறு விடையளிப்பாள்? அவள் மௌனம் ஏட்டில் நலமென்று பதிந்துவிடும். ஓசை எழாத தறியை நன்றாய் ஓடுகிறதென்று எந்த மேஸ்திரியாவது எண்ணுவாரா?

மௌனமாயிருப்பவரிடம் மனிதரே செல்லவேண்டும். அந்நகரின் ஹார்லெம் பகுதியில், 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோயுற்ற 606 பெண்டிருள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 39 பேர்; பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். ஹெரால்டு ஃப்ரீமன் என்னும் டாக்டர் 1990-இல் அங்கு வழித்துணைவரை அமர்த்தினார். சீட்டு எழுதவும், பணத்துக்கு வழி காட்டவும், வராதவரைத் தேடிப் போகவும் ஓர் ஆள். இலவசப் பரிசோதனையும் உடன் நடந்தது. 1995 முதல் 2000 வரை வந்த 325 பேருள் அத்தொகை நூற்றுக்கு 70 ஆயிற்று. நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மையம் 2019-இல் தொடங்கிய பயிற்சிக்குக் 'கேவட்', அதாவது ஓடக்காரர், என்றே பெயர்.

செவிலியர் சிலரே, பேசாதவருக்காக நேரத்தைச் செலவிட்டால் பேசுகிறவருக்குக் குறையாதா என்பர். குறையும். அக்குறையைத் தாங்குவதே நியாயம் என்பது நம் துணிபு. கடுநோவு அறிவித்தோரைக் கவனித்தபின், செவிலியர் அன்று மாலையே கையில் எடுக்கவேண்டியது விடையளிக்காதோர் பட்டியல்.