குளக்கோட்டன் எழுதிவைத்தது

"இப்ப ஏன் அந்தக் கதை?" சொத்தை எழுதிவைக்கும் பேச்சை எடுத்தால், திருகோணமலையில் பல வீடுகளில் வரும் பதில் இதுதான். மரணசாசனம் எழுதினால் மரணத்தையே கூப்பிட்டதாகிவிடும் என்ற பயம். ஆனால் இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் பழங்கதையே ஒருவன் எழுதிவைத்துவிட்டுப் போன கதைதான்.

அந்தக் கதையைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு பெயரளவில்தான் கல்வெட்டு. உண்மையில் அது கவிராசவரோதயர் செய்த நூல். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டன் வயல்நிலங்களை விட்டான். தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளை வருவித்து இன்னாருக்கு இன்ன தொழும்பு என்று வகுத்தான். அவர்களுக்குள் பிணக்கு வந்தால்? அதைத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனையும் கொண்டுவந்து அமர்த்தினான் என்கிறது நூல். இன்று மரணசாசனத்தில் நிறைவேற்றுநர் ஒருவரை நியமிப்பதும் இதே கவலையினால்தான்.

அங்கே கைமாறியது வயல் மட்டுமல்ல, வேலையும்தான்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். வழிபாடு தம்பலகாமத்தில் தொடர்ந்தது. 1950இல் மண்ணுக்கடியிலிருந்து விக்கிரகங்கள் கிடைத்தன; 1963இல் கோயில் நின்ற சுவாமிமலையில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது. கட்டடம் இல்லாத மூன்று நூற்றாண்டுகளையும் தாண்டி வந்தது அந்தக் கடமைதான்.

செத்தவருடைய சொல்லுக்கு உயிருள்ளவர்மேல் என்ன உரிமை? மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு மார்க்கமே விடை சொல்லிவிடுகிறது: விருப்பப்படி எழுத மூன்றிலொரு பங்கு, மிச்சம் குர்ஆன் வகுத்த பங்குதாரருக்கு. பொருள் முழுவதும் தன்னுடையதல்ல என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமை திருகோணமலைத் தமிழருக்குப் பொதுவாகப் பொருந்தாது. பொதுச் சட்டத்தின்படி அவர்கள் யாருக்கும் எதையும் எழுதலாம். எழுதாமல் போனால் 1876ஆம் ஆண்டுச் சட்டம் பாதியை வாழ்க்கைத் துணைக்கும் மீதியைப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் பிரிக்கும். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் கணக்கில் சேரும் என்பது, அண்ணன் தம்பிமார் நொத்தார் முன் உட்காரும் நாளில்தான் பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது.

சட்டம் பங்கைப் பிரிக்கும். கோயில் திருவிழாவில் குடும்பத்து உபயத்தை யார் செய்வது, தாய் யார் வீட்டில் இருப்பது என்பதை அது சொல்லாது. எழுதாமல் விடுவதைப் பற்றறுத்தல் என்று சிலர் சொல்கிறார்கள். அது துறவல்ல, பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் இறக்கிவைப்பது.

நொத்தாரும் இரண்டு சாட்சிகளும், நொத்தார் இல்லையென்றால் ஐந்து சாட்சிகள்: 1840ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். அங்கே போகுமுன் வீட்டில் ஒரு கொப்பியை எடுத்து, காணியின் பெயருக்கு முன்னால் அம்மாவை யார் பார்ப்பது என்பதை எழுதுங்கள்.